சோடியில் ஒன்று

ஒரு பொருளைப் பற்றி நிறையப் படித்தவன் அந்தப் பொருளைத் திருப்பிப் பார்ப்பதில்லை. நான் ஒரு மழைக்காலம் முழுக்க ஸ்பீக்கர்களைப் பற்றிப் படித்தவன்.

அப்போது குன்னூரில், தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்களுக்குச் சின்ன வீடு. நான் கிளார்க். சமைக்கும்போது பாட்டுக் கேட்க ஏதாவது வாங்கிப் போடுங்கள் என்று என் மனைவி சுமதி கேட்டதுதான் தொடக்கம். வேறு யாராக இருந்தாலும் அன்று மாலையே கடைவீதிக்குப் போயிருப்பார்கள். நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். வெளியே மழை கொட்ட, போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு, யாரோ வெளிநாட்டுக்காரர்கள் ஸ்பீக்கர் முன்னால் கண்ணை மூடித் தலையாட்டும் வீடியோக்களைப் பார்த்தேன். (அவர்கள் சொக்கிப்போன அந்த ஒலி எனக்கு வந்ததெல்லாம் என் கைப்பேசியின் கரகரத்த ஓட்டை வழியாகத்தான். அது அப்போது உறைக்கவில்லை.)

உலகம் இரண்டாகப் பிரிந்து கிடப்பது தெரிந்தது. பேஸிவ் ஸ்பீக்கர் என்றால் அதற்கு உயிர் கொடுக்கத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டும். ஆக்டிவ் என்றால் ஆம்ப்ளிஃபயர் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். கரண்டில் செருகினால் பாடும். பேஸிவ் வாங்கினால் ஒன்று கெட்டாலும் மற்றது பிழைக்கும், பிடித்த ஆம்ப்ளிஃபயரை மாற்றிக்கொள்ளலாம் என்று கேன்டீனில் ஒரு வாரம் வாதாடுவேன். சின்ன அறைக்கு ஆக்டிவ்தான் அடக்கம், ஒயர் தொல்லை கிடையாது என்று அடுத்த வாரம் வாதாடுவேன். எதிர்த்து வாதாட ஆளில்லாததால் இரண்டு தரப்பிலும் நானே பேச வேண்டியிருந்தது.

கடைசியில் ஆக்டிவ் ஜெயித்தது. பார்சலைப் பிரித்து, மேலே இருந்ததை எடுத்துச் செருகினேன். பாடியது. இன்னொன்று பாலித்தீன் உறைக்குள் கிடந்தது. அதைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

சுமதியின் அண்ணன் வேலுச்சாமி கோத்தகிரியில் காய்கறி மண்டி வைத்திருக்கிறார். அவர் புது வீடு கட்டி, அடுத்த வாரம் பால் காய்ச்சுவதாக இருந்தார். எங்கள் அறைக்கோ ஒரு ஸ்பீக்கர் தாராளம். ஆக்டிவ் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் சொந்தக் காலில் நிற்பது. ஆகவே இன்னொன்றை மச்சானுக்குப் பரிசளித்துவிடலாம். உறையைக்கூடப் பிரிக்காமல் பளபளப்புக் காகிதத்தில் சுற்றினேன். அட்டைப்பெட்டியில் ஒரு நீள ஒயர் மிச்சம் கிடந்தது. அது எதற்கு என்று சுமதி கேட்டாள். பேஸிவ்காரர்களுக்கு என்று சொல்லிப் பரண்மேல் போட்டேன்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பாட்டு.

"பாட்டுல பாதியக் காணோமுங்களே," என்றாள் சுமதி.

அவள் சொன்னது உண்மைதான். வயலினைக் காணவில்லை. கோரஸ் பாடுகிறவர்கள் பக்கத்து எஸ்டேட்டில் நின்று பாடுவதுபோல் இருந்தது. நல்ல ஸ்பீக்கர் தேவையில்லாததை வடிகட்டிவிடும் என்று விளக்கினேன். அவள் பொரியலைக் கிளறப் போய்விட்டாள்.

விழாவன்று ஸ்பீக்கரை ஸ்வெட்டரில் பொதிந்து, பஸ்ஸில் வளைவுக்கு வளைவு கைக்குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு போனேன். ஹோமம் முடிந்து உறவினர்கள் சாப்பாட்டுக்குக் காத்திருந்த நேரம். காகிதத்தைப் பிரிக்குமுன் ஒரு சிற்றுரை ஆற்றினேன். பேஸிவ் என்பது மாமியார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் மருமகனைப்போல, ஆக்டிவ் என்பது சொந்தச் சம்பாத்தியக்காரனைப்போல என்றேன். என் மாமனார் இருமினார்.

மச்சானின் மனைவி கவிதா காகிதத்தையும் உறையையும் பிரித்து ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுக்குக் கரண்டு எங்க சொருகறதுங்க?"

நான் திருப்பினேன். பின்பக்கத்தில் பிளக் இல்லை. சுவிட்ச் இல்லை. சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றுமாக இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. வீடியோக்களில் அந்த இரண்டு ஓட்டைகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. ஆக்டிவ் என்று விற்கும் சோடியில் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் ஆம்ப்ளிஃபயர். மற்றது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பாடும் சுத்தமான பேஸிவ். அந்த வாலைத்தான் பரணில் போட்டிருந்தேன்.

ஸ்பீக்கரை மறுபடி முன்பக்கமாகவே திருப்பி வைத்தேன். மச்சான் நல்ல மனிதர். மாப்பிள்ளையின் மானம் போகப் பொறுக்காதவர்.

"பனி எறங்கியிருக்குமுங்க. செத்த நேரம் காயட்டும்," என்று சொல்லி, ஸ்பீக்கரைக் கொண்டுபோய்க் கனல் அடங்காத ஹோம குண்டத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அது அங்கே குளிர் காய்ந்தது. நான் வியர்த்தேன். வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியவர் ஒருவர் அதுவும் பூஜையில் சேர்ந்தது என்று நினைத்து அட்சதை போட்டுக் கும்பிட்டார். அவருக்குப் பின்னால் வந்த அம்மாள் குங்குமம் வைத்தார். அப்போதுதான் சுமதி, கூடத்துக்கே கேட்கிற குரலில் சொன்னாள்.

"நம்மூட்ல இருக்கறதுலதானுங்க பிளக்கு, சுச்சு எல்லாம் இருக்குது. அதுலருந்து இதுக்கு இழுக்கத்தான் அந்த நீள ஒயரோ என்னமோ?"

மாமனார் இந்தத் தடவை இருமவில்லை, சிரித்தார். அதற்காகவே காத்திருந்ததுபோல் கூடமே சிரித்தது. நான் கை கழுவப் போனேன். இலை போட்டு ஆள் அனுப்பும்வரை கழுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு குன்னூருக்கு வந்தார். பரணிலிருந்து ஒயரை எடுத்து இரண்டையும் இணைத்தோம். முதன்முதலாக முழுப் பாட்டும் கேட்டது. சுமதி கரண்டியோடு வந்து வாசல்படியில் நின்றாள். வயலின் அறையின் ஒரு மூலையிலிருந்து நடந்து வந்தது. நானும் அந்த வெளிநாட்டுக்காரர்களைப்போல் கண்ணை மூடினேன். திறந்தபோது மச்சான் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"குடுத்ததத் திருப்பிக் குடுக்கறது மொறையில்லீங்க மாப்ள. சோடியப் பிரிக்கறதும் பாவமுங்க. ரெண்டையும் நானே வெச்சுக்கறனுங்க."

அந்த நியாயத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டையும் நானே சுமந்துபோய், அவருடைய வேனில் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே அலுங்காமல் வைத்தேன். அன்று மாலை சுமதி கடைவீதிக்குப் போய், என்னைக் கேட்காமலே ஒரு சின்ன ரேடியோ வாங்கி வந்தாள். அது பேஸிவா ஆக்டிவா என்று நான் கேட்கவில்லை.

மச்சான் மகள் நிவேதாவுக்குப் போன வருடம் கல்யாணம். நானும் சுமதியும் மேடையேறி ஒரு குத்துவிளக்கைப் பரிசாகக் கொடுத்தோம். பெண் அதை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, மைக்குக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் என்னைக் கேட்டாள்.

"மாமா, இதுக்குச் சோடி உங்கூட்ல இல்லீங்களே?"

மண்டபம் முழுக்கச் சிரித்து அடங்கும்வரை போட்டோக்காரர் படமெடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற சுமதி, இன்னொரு விளக்கைப் பையிலிருந்து மெதுவாக வெளியே எடுத்தாள்.