வாழைக்குப் போகாத வாய்க்கால்

ஒரு வேலையில் பதினெட்டு வருட அனுபவம் உள்ளவரிடம் அந்த வேலையைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது மட்டும் அவரைப் பக்கத்தில் நிற்க விடக் கூடாது. யாரையோ குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. அந்த அனுபவஸ்தன் நான்தான்.

நாங்கள் அப்போது அணுபுரத்தில் குடியிருந்தோம். குழாய்கள் போகும் பாதையை வரைபடத்தில் போடுவது என் வேலை. (தண்ணீர் என்னைக் கேட்டுத்தான் போகிறது என்று ஒரு நினைப்பு.) மகள் மகிழ் படித்தது, திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் இருந்த ஒரு சின்னப் பள்ளியில். அந்த வருடம் மைதானத்து ஓரத்தில், சொப்பு வைத்து விளையாட ஒரு சமையலறையைப் பிள்ளைகளே கட்ட வேண்டும் என்றார்கள். ஒரு மேடை, இரண்டு மண்ணடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. செங்கல் எத்தனை வேண்டும் என்பது கணக்குப் பாடம். எந்த மண் வெடிக்காமல் காயும் என்பது அறிவியல். கொத்தனார் ஏழுமலையைப் பேட்டி எடுத்து எழுதினால் அது தமிழ்ப் பாடம்.

மகிழ் மட்டம் பார்க்கும் குழுவுக்குத் தலைவி. தண்ணீர் நிரப்பிய நீளமான டியூபின் இரண்டு முனைகளையும் இரண்டு இடத்தில் பிடித்து, எது மேடு, எது பள்ளம் என்று அளக்க ஏழுமலை காட்டிக்கொடுத்திருந்தார். ஒரு வாரம் எங்கள் வீட்டில் மட்டம் பார்க்காத சாமான் கிடையாது. (கட்டில் ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் இறக்கம். என் பக்கம்.)

சனிக்கிழமை பெற்றோர்களும் உதவிக்கு வரலாம் என்றார்கள். செங்கல் தூக்கத்தான் போனேன். சத்தியமாக.

அங்கே மகிழின் நோட்டைப் பார்த்தேன். வாழை நிற்கும் பக்கம் ஏழு சென்டிமீட்டர் மேடு, வராந்தா பக்கம் பள்ளம், முருங்கை மரத்துப் பக்கமும் பள்ளம் என்று எழுதியிருந்தாள். அதனால் தொட்டித் தண்ணீர் போகும் வாய்க்காலை முருங்கைக்கு வெட்டுவதாகத் திட்டம். முருங்கை இருபது அடி தள்ளி இருந்தது. வாழையோ எட்டே அடியில்.

"பக்கத்துல வாழை நிக்கும்போது எதுக்கும்மா அவ்வளவு தூரம்?" என்றேன்.

"அது மேடுப்பா. டியூப் வெச்சுப் பாத்தோம்."

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தேன். வாழைப் பக்கம்தான் இறக்கம் என்று என் கண் அடித்துச் சொன்னது.

"டியூபுக்குள்ள காத்துக் குமிழி இருந்திருக்கும். குமிழி இருந்தா தப்பாத்தான் காட்டும்."

(குமிழி இருந்தால் தப்பாகக் காட்டும் என்பது உண்மை. இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை என்பதும் உண்மை.)

ஏழுமலை தலையைச் சொறிந்தார். "சார், பொண்ணு சொல்றது கரீட்டா கீது. நானும் ரெண்டு தபா பாத்தேன். அந்தாண்ட மேடு."

"ஏழுமலை, நான் பதினெட்டு வருஷமா இதே வேலைதான் பாக்கறேன்."

"அப்ப நீயே போட்டுக்கோ சார்" என்று பூச்சுக் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மகிழின் தோழி ரிஸ்வானா அவள் தோளைத் தட்டினாள். "உங்கப்பா இன்ஜினியர்டி. அவரு சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்."

மகிழ் டியூபைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து, நோட்டில் எழுதியிருந்ததை அழித்தாள். அந்த நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வாய்க்காலை நானே சிமெண்ட் வைத்துப் பூசினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பெற்றோர்கள் வராந்தாவில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். செருப்புகளைப் படிக்குக் கீழே வரிசையாக விட்டிருந்தோம். பிள்ளைகள் செம்மண்ணும் மஞ்சள் தூளும் கரைத்து சாம்பார் வைத்தார்கள், செம்பருத்திப் பூவில் ரசம் வைத்தார்கள். எல்லாம் நல்லபடியாகவே போனது. கடைசியில் முப்பத்திரண்டு பேரும் ஒரே சமயத்தில் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்கள்.

தண்ணீர் என் வாய்க்காலில் இறங்கியது. வாழையை நோக்கி இரண்டடி போனது, நின்றது. பிறகு வந்த வழியே திரும்பி, வாய்க்காலை விட்டு வழிந்து, சாம்பாரும் ரசமுமாக வராந்தாவைப் பார்த்து நடந்து வந்தது. முதலில் கிளம்பியது தாளாளர் அம்மாவின் புதுச் செருப்பு. அதன் பின்னால் ஒவ்வொன்றாக மற்றவையும், ஊர்வலம் மாதிரி. என் செருப்பும் அதில் இருந்தது.

வகுப்பு ஆசிரியை எதையும் பாடமாக்கிவிடுகிறவர். மைக்கை மகிழிடம் நீட்டினார். "மட்டம் பாத்தது உங்க குழுதானே? தண்ணி ஏன் இந்தப் பக்கம் வருது, சொல்லு."

மகிழ் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடுவாளோ என்று நாற்காலிக்கடியில் காலை இழுத்துக்கொண்டேன்.

"வாழைப் பக்கம் ஏழு சென்டிமீட்டர் மேடு மிஸ். நான்தான் நோட்டுல அழிச்சிட்டேன்."

இதற்கு அவள் என்னைச் சொல்லியிருக்கலாம். எழுந்து படியிறங்கினேன். சாம்பாரில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, "அழிக்க வெச்சது நான். அவ அளந்தது சரி" என்றேன். நாலு பேர் கைதட்டினார்கள். அது யாருக்கு என்று எனக்குத் தெரியாது.

பின்னாலிருந்து ஏழுமலை ஆறுதல் சொன்னார். "வுடு சார். பதினெட்டு வருசந்தான ஆவுது, போகப் போகக் கத்துக்குவ."

மறுநாள் வாய்க்காலை உடைக்கக் கடப்பாரை பிடித்ததும் நானே. முருங்கைக்கு மட்டம் பார்க்கும்போது மகிழ் டியூபின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "பிடிச்சுக்கிட்டா மட்டும் போதும், பேச வேண்டாம்" என்றாள். நோட்டில் அழித்த இடத்திலேயே, பழைய தடத்தின் மேல், பேனாவால் ஏழு என்று எழுதினாள்.

மகிழ் இப்போது ஒன்பதாம் வகுப்பு. மாமல்லபுரம் போக எது குறுக்கு வழி, ரசத்துக்கு உப்பு போதுமா, நாளைக்கு மழை வருமா என்று நான் எதை அடித்துச் சொன்னாலும் வீட்டில் ஒரே கேள்விதான். "டியூப் வெச்சுப் பாத்தீங்களா?" என் மனைவி இதை என் ஆபீஸ் நண்பர்கள் முன்னாலேயே கேட்பாள்.

போன மாதம், மறைமலைநகரில் நாங்கள் கட்டும் வீட்டில் குளியலறைக்கு டைல்ஸ் பதித்தார்கள். வேலைக்கு ஏழுமலையைத்தான் கூப்பிட்டிருந்தோம். அவர் நிமிர்ந்து, "தண்ணி போறதுக்கு வாட்டம் எந்தாண்ட வைக்கிறது?" என்றார்.

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கண்ணை மூடினேன்.

"உன்ன கேக்கல சார்" என்றார் ஏழுமலை. "பாப்பா எங்க?"