வெண்பட்டு சாத்திய சோறு

1977 ஆடி மாதம், சின்னக்கானலுக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில், அம்மன் சோற்றுப் பானைக்குள் இறங்கினாள். மழை வலுத்துத் தேயிலைக் கொழுந்து கிள்ளப் போக முடியாத நாட்களாகப் பார்த்து இறங்கியது அவளுடைய கருணை. மூணாறிலிருந்து ஜனங்கள் பஸ்ஸில் வந்தார்கள். மறையூரிலிருந்து வெல்லம் ஏற்றும் லாரியில் நின்றபடியே வந்தார்கள். பானை திறக்கும்போது முன்னால் நிற்பதற்காக ஒருவர் குடையை ஒருவர் ஒடித்தார்கள்.

அதிசயம் இதுதான். புதுப்பானையில் ஒரு பிடி சோறு. வாயில் சிவப்புத் துணி. பட்டுச்சாமி அதை வாங்கிக் கோயில் அறையில் வைத்துப் பூட்டுவார். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ, நட்சத்திரம் பார்த்து அவரே திறப்பார். சோற்றின் மேல் மெத்தென்று வெள்ளைப் போர்வை இருந்தால் அம்மன் வெண்பட்டு சாத்திவிட்டாள், நோய் தீரும். கறுப்பாக இருந்தால் வீட்டில் பாவம் இருக்கிறது. கோழியோடு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் வெள்ளை. வெறுங்கையோடு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கறுப்பு. அம்மனுக்குக் கோழி பிடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மழைக்காலத்தில் எதன் மேல் இந்தப் பட்டு இல்லை? பாயில் உண்டு, செருப்பில் உண்டு, கல்யாணப் போட்டோவில்கூட உண்டு. மிச்சச் சோற்றில் கண்டால் வெளியே கொட்டுவோம். கோயிலில் கண்டபோது கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

பட்டுச்சாமியின் பழைய பெயர் சுருளிவேல். மறையூரில் கரும்புச்சாறு காய்ச்சிக்கொண்டிருந்தவர். அடுப்புச் சூடு ஒத்துக்கொள்ளாமல் தெய்வீகத்துக்கு வந்துவிட்டார்.

நாங்களும் வரிசையில் நின்றோம், என் தம்பி அழகுமலைக்காக.

தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், முந்தின வருடம் தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஆசுபத்திரியில் என்னுடையதில் ஒன்றை எடுத்து அவனுக்கு வைத்தார்கள். உடம்பு அதை அந்நியன் என்று விரட்டாமல் இருக்கத் தினமும் மாத்திரை. "உள்ளே இருக்கிற காவலைத் தூங்க வைக்கிற மாத்திரைம்மா இது. காவல் தூங்கினா கண்டதும் நுழையும்" என்று டாக்டர் முதலிலேயே சொன்னார்.

நுழைந்தது. நெஞ்சுக்குள் பூஞ்சை. வெளிநாட்டு மாத்திரை வரவழைத்துக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் அடங்கிக் கிடந்தது. பிறகு அந்த மாத்திரைக்கே பழகிக்கொண்டு முன்னைவிட வேகமாக வளர்ந்தது.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "இந்த மருந்துக்கு இனிக் கட்டுப்படாது. வேற ஒண்ணு இருக்கு. நரம்புல சொட்டுச் சொட்டா ஏத்தணும், பல வாரம். குளிர் நடுக்கம் எடுக்கும். அக்கா கொடுத்த கிட்னியையே கெடுத்தாலும் கெடுக்கும். பொழைப்பாரான்னு கேட்டா, பாதிக்குப் பாதி."

பிள்ளையைப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் திரும்புகிறேன் என்று சொல்லித் தம்பி ஊருக்கு வந்தான். அவன் மனைவி சாந்தம்மாள் நேராகப் பட்டுச்சாமியிடம் கூட்டிப்போனாள். இரண்டு கோழியும் கூட வந்தன.

"ஆசுபத்திரியில என்ன சொன்னாங்க?"

"மருந்துக்குக் கட்டுப்படாதாம் சாமி."

அவர் எங்களை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டீங்களா? நோயின்னா மருந்துக்கு அடங்கணும். வெள்ளைக்காரன் மருந்துக்கே அடங்கலைன்னா அது நோயா? அது யாரு?"

"அம்மா!" என்றது கூட்டம்.

"பொழைப்பாரா சாமி?" என்றாள் சாந்தம்மாள்.

"நூத்துக்கு நூறு."

பாதியைவிட நூறு பெரியது. அந்த அளவுக்கு நாங்கள் எல்லாரும் படித்திருந்தோம்.

மூன்றாம் நாள் பானை திறந்தது. வெள்ளை. காலையும் மாலையும் ஒரு சிட்டிகை உள்ளுக்குச் சாப்பிடச் சொன்னார். நெஞ்சுக்குள் பூஞ்சை வளரும் ஒருவன் வாய்வழியாகவும் பூஞ்சை உண்டான். முதல் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தது நான்தான்.

அடுத்த நாள் இருமலில் ரத்தம் வந்தது. எஸ்டேட் மருந்தகக் கம்பவுண்டர் சகாயத்திடம் ஓடினேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பட்டுச் சோற்றை அவிழ்த்துக் காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்தார்.

"வேலுத்தாயி, ஆசுபத்திரியில எதை அழிக்கப் பாத்தாங்களோ, அந்தப் பூஞ்சை சாதிதான் இது. இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

"பாதிங்கிறவன்கிட்ட எதுக்குக்கா போகணும்? இங்க நூறுங்காரே."

மறுபடி சகாயத்திடம் போனேன். தம்பி சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அம்மன் சாத்துறதுன்னா கோயில்ல மட்டுந்தானே சாத்தணும்? மூணு பானை வாங்கிட்டு வாங்க."

சாந்தம்மாள் கோயிலுக்கு இரண்டாம் பானையும் இன்னொரு கோழியும் கொண்டுபோன அதே காலையில், அதே சோற்றை மற்ற மூன்றிலும் வைத்தோம். ஒன்று மருந்தகத்தில். ஒன்று காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் கொட்டகையில். ஒன்று எங்கே என்று பிறகு சொல்கிறேன். சாந்தம்மாள் கிளம்பும் முன்பே நாலு பானையின் அடியிலும் இடத்தின் பெயரைக் கரியால் எழுதி, எழுத்து தெரியாமல் மேலே காகிதம் ஒட்டியிருந்தார் சகாயம்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, கோயில் பானை திறந்து வெள்ளை என்று அறிவிப்பானது. அதை வாங்கி மூடி வெளியே கொண்டுபோய், அதே மாதிரி சிவப்புத் துணி கட்டிய மற்ற மூன்றோடு கலந்து, நாலையும் வரிசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, சகாயம் கைகட்டி நின்றார். தம்பியைக் கம்பளி போர்த்தி முன்னால் உட்கார வைத்திருந்தோம்.

"சாமி, தப்பு நடந்துபோச்சு. இவங்க பானை வேற மூணோட கலந்துடுச்சு. அம்மா இறங்கினது எதுன்னு நீங்கதான் காட்டணும்."

பட்டுச்சாமி கூட்டத்தைப் பார்த்தார். இருநூறு குடை இருக்கும்.

"தாயோட பட்டு எனக்குத் தெரியாதா?"

ஒவ்வொரு துணியாக நீக்கினார். நாலும் வெள்ளை. அவர் முகம் ஒரு தரம் இறுகி இளகியது. கண்ணை மூடினார், நடுங்கினார், மூன்றாவது பானையைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"இதுதான்! மத்ததெல்லாம் வெறும் பூஞ்சை. இதைப் பாருங்க, என்ன ஒளி!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அழகுமலை, அடியில இருக்கிற காகிதத்தைக் கிழிச்சு நீயே படிப்பா" என்றார் சகாயம்.

தம்பி கிழித்தான். மனதுக்குள் ஒரு தரம் படித்தான். பிறகு சத்தமாகப் படித்தான்.

"நாலாம் லயத்துக் கக்கூஸ்."

கன்னத்தில் போட்டவர்கள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்கள்.

"கோயில் பானை இந்தா இருக்கு. இதைத்தான் வெறும் பூஞ்சைன்னீங்க" என்றார் சகாயம்.

"அப்ப எங்க வீட்டுக்கு மட்டும் ஏன்யா கறுப்பு?" பின்னாலிருந்து ஒரு கங்காணி கத்தினார்.

"வெள்ளையையே இன்னும் ரெண்டு நாள் விட்டா கறுத்துடும். உங்க பானையை அஞ்சாம் நாள் திறந்திருப்பாரு. கோழி கொண்டு போனீங்களா?"

"இல்லையே."

"அதான்." சகாயம் ஒரு சிட்டிகை எடுத்து நீட்டினார். "சாமி, நீங்க தேர்ந்தெடுத்ததுதான். ஒரு வாய்."

"இன்னைக்கு எனக்கு விரதம்" என்றார் பட்டுச்சாமி.

தம்பி சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. நின்றதும் சொன்னான்: "யக்கா, ஜீப்புக்குச் சொல்லு."

பட்டுச்சாமி அன்று மாலையே வெல்ல லாரியில் ஏறிப்போனார். கோழிகளை விட்டுவிட்டுப் போகவில்லை.

ஆசுபத்திரியில் சொட்டு மருந்து ஏற்றினார்கள். கட்டில் அதிரும்படி நடுங்கினான். ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டர் இப்போதும் மறைக்கவில்லை. "போன வாரம் வந்திருந்தா பாதின்னு சொல்லியிருப்பேன். இப்ப பத்துல ஒண்ணு." அந்த ஒன்று எங்களுக்கு வாய்க்கவில்லை. பதினோராம் நாள் போய்விட்டான். வயது இருபத்தொன்பது.

துக்கம் கேட்கப் பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பொய் அழுகை இல்லை.

"மருந்து ஏத்திக் கொன்னுட்டாங்களே வேலுத்தாயி. அந்தப் பட்டுச் சோத்தையே சாப்பிட்டுக்கிட்டுக் கெடந்திருந்தா பொழச்சிருப்பானே."

"அது கக்கூஸ்லயும் வந்துச்சேக்கா. நீங்களும் பாத்தீங்களே."

"அதுக்கென்ன? அம்மா எங்கயும் இருப்பா."

எங்கேயும் இருக்கிறவளைப் பார்க்க, ஒருவன் பூட்டி வைத்த அறைக்கு முன்னால் எதற்காக மழையில் நின்றோம் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நானும் கேட்டுக்கொள்ள ஒரு வாரம் தாமதித்தேன். உங்கள் வீட்டில் படுத்திருப்பவருக்கு மூச்சு இருக்கும்போதே நீங்கள் கேட்டுவிடுங்கள்.