ஒன்பதெல்லாம் பத்து

"எனக்குத்தாங்க ஒன்பது மணி."

"எனக்கும் ஒன்பதுதான். மெசேஜ் வந்திருக்கு, பாருங்க."

"அப்ப எனக்கு வந்தது என்ன, கல்யாணப் பத்திரிகையா?"

டிரைவிங் ஸ்கூல் வாசலில் நான்கு பேர் ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிக் காட்டினார்கள். இருப்பதோ ஒரே கார். அதுவும் எட்டு மணி வகுப்புக்குப் போனது இன்னும் திரும்பவில்லை.

மாஸ்டரின் மனைவி லேப்டாப்பைத் திறந்தாள். ஆபீஸ் மொத்தமும் அவள்தான். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அவள் அக்கா. தப்பு உடனே கண்ணில் பட்டது. நேற்று ஒன்பது மணிக்காரரின் பக்கத்தை நகலெடுத்து மற்ற மூவருக்கும் பயன்படுத்தியிருந்தாள். பெயரையும் போன் நம்பரையும் மாற்றியவள் நேரத்தை மாற்ற மறந்திருந்தாள்.

நோட்டுப் புத்தகங்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஆன்லைன் நோட்ஸுக்கு ஏற்றி ஒரு வாரம்தான் ஆகிறது. ஆளுக்கு ஒரு பக்கம். நேரம், ஏறும் இடம், குணம். மாஸ்டரின் போனிலும் அதே பக்கங்கள் தெரியும். நேரத்தை மாற்றினால் அந்தந்த ஆளுக்கு மெசேஜும் தானாகப் போய்விடும்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு கூரியர் கம்பெனி தன் ஆட்கள் இருபது பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தர இடம் தேடியது. அதிகாரி ஒருவர் இன்று காலை நேரில் வந்து பார்ப்பார் என்று தகவல். எதிர் வரிசையில் நான்கு காரோடு புது ஸ்கூல் முளைத்ததிலிருந்து இங்கே வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். இந்த இருபது பேரும் கிடைக்காவிட்டால் காரை விற்றுவிட்டு, மாஸ்டர் மறுபடியும் யாருக்காவது டிரைவராகப் போகவேண்டியதுதான்.

எட்டேகாலுக்கு அவள் வந்தபோதே ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மடியில் ஃபைல். நெற்றியில் மட்டும் வியர்வை.

"வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்றாள்.

"அவசரமே இல்லைங்க மேடம். நான் பாட்டுக்கு இப்படி ஓரமா இருக்கேன்" என்றார். எவ்வளவு தன்மையான மனிதர்!

அவர் முன்னால்தான் இப்போது நான்கு பேர் சண்டை போடுகிறார்கள்.

"ஒரே நிமிஷத்துல சரி பண்ணிடலாம் சார். அதுக்குத்தானே நோட்ஸ்" என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஒருவரை மட்டும் ஒன்பதுக்கு நிறுத்திக்கொண்டு, மற்றவர்களின் பக்கங்களில் ஒன்பதை எல்லாம் பத்தாக்கு என்று கட்டளை கொடுத்தாள்.

வாசலில் செல்போன்கள் ஒன்றாக ஒலித்தன.

"இப்ப எங்க மூணு பேருக்கும் பத்தாம்!"

பத்து மணிக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அவரை வரவேண்டாம் என்று சொல்ல நம்பரைத் தேடினாள். அவர் பக்கத்திலும் கட்டளை புகுந்திருந்தது. நம்பரில் பதின்மூன்று இலக்கங்கள். அதில் இருந்த மூன்று ஒன்பதுகளும் பத்தாகியிருந்தன.

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த எட்டு மணி ஆளு யாரு? உயிரை வாங்குறாரு. கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியல. கேட்டா, நான் கத்துக்க வரலை, இறக்கி விடுங்கன்னு ஒரே கத்தல்."

"நோட்ஸைப் பாருங்களேன். அதுக்குத்தானே எழுதியிருக்கேன்."

அந்த ஆளை அவரது மனைவி போனில் சேர்த்துவிட்டிருந்தாள். அவள் சொன்னதை அக்கா வரி பிசகாமல் எழுதியிருந்தாள்: ‘பயந்தவர். ஏதாவது சாக்கு சொல்லி இறங்கப் பார்ப்பார். விடாதீங்க.’

"ஓகோ, அப்படியா சேதி!" மாஸ்டரின் குரலில் தெம்பு வந்தது. "யோவ், ரெண்டாவது கியரைப் போடுய்யா!"

அக்கா பழைய நம்பர்களை மீட்க, முந்தைய பதிப்புக்குத் திரும்பும் பட்டனை அழுத்தினாள். நம்பர்கள் வந்தன. கூடவே போன வாரமும் வந்தது.

ஐந்து நிமிடத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, எனக்குத்தான் போன வாரமே லைசென்ஸ் வந்துடுச்சே! மாஸ்டர் எங்க வீட்டு வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சுத் தெருவையே கூட்டுறாரு. வண்டிக்குள்ள யாரோ ஒருத்தர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுறாரு!"

அக்கா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து மாஸ்டருக்குப் போன் போட்டாள். கை லேப்டாப்பிலேயே இருந்ததால் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"என்னங்க, அங்க போகாதீங்க. லிஸ்ட் மாறிப்போச்சு."

"இந்த ஆளையாவது இறக்கி விடட்டுமா? அழுதுடுவாரு போல."

அவள் ஓரக்கண்ணால் பெஞ்சைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"கூடவே கூடாது" என்று குரலை உயர்த்தினாள். "நம்மகிட்ட வந்தவர் ஓட்டக் கத்துக்காம இறங்கினதா சரித்திரமே இல்லை. மேம்பாலத்துல ஏத்துங்க. ரெண்டு தடவை!"

போனில் யாரோ "ஐயோ" என்றது கேட்டது. பெஞ்சிலிருந்தவரின் முகம் வெளுத்தது. கண்டிப்பைக் கண்டு மிரண்டுவிட்டார், நல்லதுதான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

வாசலில் இருவர் எதிர் வரிசையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். மூன்றாமவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். இனியும் காத்திருந்தால் கடை முழுக்கக் காலியாகிவிடும். அவள் லேப்டாப்பை மூடிவிட்டு நேராகப் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், மறைக்க ஒண்ணுமில்லை. இன்னைக்குக் கொஞ்சம் குளறுபடிதான். ஆனா மாஸ்டர் மாதிரி பொறுமையாக் கத்துத்தர ஆள் கிடையாது. உங்க கம்பெனி ஆளுங்க இருபது பேரையும் எங்களை நம்பி அனுப்புவீங்களா?"

அவர் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து, கதவு இருக்கும் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கம்பெனியா? நான் எட்டு மணி கிளாஸுங்க மேடம். கழுத்துல கம்பெனி அட்டை மாட்டிக்கிட்டுக் காரைச் சுத்திப் பார்த்துட்டிருந்தாரே ஒருத்தர், அவரை மாஸ்டர் ஏத்திட்டுப் போனதும் தப்பிச்சோம்டான்னு இங்க உக்காந்துட்டேன்."