பாக்கெட் நிறையப் ‘பாத்து’

பேரன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இந்த அகால வேளையில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பகலில் எழுதலாம் என்றால் உங்கள் தம்பி மகள் பொடிசு இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாள். என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, நான் எழுதுவதை எல்லாம் தெருவுக்கே உரக்க வாசித்துக் காட்டிவிடுவாள். நீங்களும் அண்ணனும், நீங்கள் விளையாட்டு சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் கைகால் சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம், கால்களைத் தவிர.

விடுமுறையில் நீங்கள் நடத்தும் கூடார முகாமுக்குப் பொடிசை அனுப்பச் சொல்லிக் கேட்டபோது, நான் பதில் சொல்லாமல் போனை உங்கள் தம்பி கையில் கொடுத்துவிட்டேன் அல்லவா? நீங்கள் அவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. “முதல்ல உன் பொண்டாட்டியை அந்த ஆத்துப் பள்ளத்தாக்கு சரணாலயத்துக்குக் கூட்டிட்டுப் போ. ஒரு நாள் முழுக்கப் பிள்ளையைத் தூக்காம, ‘பாத்து பாத்து’ன்னு கத்தாம நடந்து வரட்டும். அப்புறம் முகாமைப் பத்திப் பேசலாம்” என்றீர்கள். கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் நான் கிளம்பியது அந்தக் கோபத்தில் இல்லை. போன வாரம் பூங்காவில் பிள்ளைகள் எல்லாம் சறுக்குமரத்தில் ஏற, இவள் மட்டும் ஒதுங்கி நின்று, கூப்பிட்ட தோழியிடம் “நான் வரலை, எங்கம்மாவுக்குப் பயமா இருக்கும்” என்றாள். அவளுக்குப் பயம் இல்லை, அண்ணி. என் பயத்தை அவள் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிகிறாள். தலைகீழாக நின்றாவது அந்தப் பள்ளத்தாக்கை நடந்தே தீருவது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன்.

உங்கள் தம்பிக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை என்பதை நீங்கள் மறந்திருக்கலாம், அவர் ஒரு நிமிஷமும் மறப்பதில்லை. வாய்வார்த்தை செல்லாதாம், ஆதாரம் வேண்டுமாம். நான் ஒவ்வொரு முறை ‘பாத்து’ சொல்லும்போதும் அவர் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கித் தன் பாக்கெட்டில் போடுவது, அடுத்த முறை பார்க்கும்போது அதை அப்படியே உங்கள் முன்னால் கொட்டிக் காட்டுவது என்று அப்பாவும் மகளும் கூடிப் பேசித் தீர்மானித்துவிட்டார்கள். நானும் பட்டம் வாங்கியவள்தானே, மிஞ்சிப்போனால் இரண்டு கல் என்று சம்மதித்தேன். சரணாலய வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒன்று விழுந்துவிட்டது. “இன்னும் உள்ளேயே போகலையே!” என்றேன். “வாசல்ல சொன்னதும் கணக்குல சேரும்” என்று குனிந்து பொறுக்கினார்.

முதலுதவிப் பெட்டி, குடை, மாற்றுத் துணி, கயிறு, டார்ச், போர்வை எல்லாம் அடைத்த என் பையைப் பார்த்துவிட்டு வாசலில் நின்ற வனக்காவலர் “எத்தனை நாள் தங்கறதா உத்தேசம்மா?” என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. இனிமேல் அன்று முழுக்க வாயைத் திறப்பதே இல்லை என்ற வைராக்கியம். ஆனால் பாதை ஆற்றின் விளிம்பை ஒட்டியே போகிறது, அண்ணி, யார் போட்ட பாதையோ, அவருக்குப் பிள்ளை குட்டி இருந்திருக்காது. ‘பாத்து’க்குப் பதிலாக “மெதுவா” என்றேன், உங்கள் தம்பி “சொல்லு வேற, அர்த்தம் ஒண்ணுதான்” என்று ஒரு கல் போட்டார். “கவனம்” என்றேன், ஒரு கல். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு “ஸ்ஸ்” என்று மட்டும்தான் இழுத்தேன், அதற்கு இந்தப் பொடிசு திரும்பி, “அப்பா, அம்மா மூச்சால சொல்றா, அதையும் போடு” என்கிறாள். நாணல் புதருக்குப் பக்கத்தில் பறவை பார்க்கிறவர்கள் நாலைந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து இவள் சாய்ந்து கிடந்த மரத்தின் மேல் ஏறி நடக்க, நான் போட்ட சத்தத்தில் அவர்கள் விடியற்காலையிலிருந்து காத்திருந்த பறவை மட்டுமில்லாமல் அக்கரைப் பறவைகளும் கிளம்பிப் போய்விட்டன. அதற்கு மட்டும் கொஞ்சம் பெரிய கல்லாகப் போட்டார்.

மத்தியானத்துக்குள் உங்கள் தம்பி ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. “போதும், திரும்பிடலாமா?” என்று அவர்தான் கேட்டார், நான் இல்லை. “முடிச்சுட்டுத்தான் திரும்பறது” என்று வீறாப்பாக ஒரு எட்டு வைத்தேன், சேற்றில் சறுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ‘பாத்து’ சொல்ல ஒரு நாதி இல்லை பாருங்கள். பொடிசு வந்து கையை நீட்டி, “ஒண்ணும் ஆகலம்மா, மண்ணுதான்” என்றாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

ஒருவழியாக வாசலுக்கு வந்தால் அதே வனக்காவலர் வழிமறித்தார். “சார், பாக்கெட்டுல என்ன?”

உங்கள் தம்பி தொண்டையைச் செருமுவதற்குள் பொடிசு முந்திக்கொண்டாள். “அதெல்லாம் எங்கம்மா சொன்ன பாத்து, மாமா.”

“யார் சொன்னதா இருந்தாலும் இங்கேருந்து ஒரு கல்லுகூட வெளியே போகக் கூடாது. சரணாலயம் சார் இது. ஆத்துக் கூழாங்கல் திட்டுலயே கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க.”

“அய்யா, இது ஆதாரம். எங்க அக்காகிட்டக் காட்டணும்.”

“உங்க அக்காவை இங்க வந்து பாத்துக்கச் சொல்லுங்க.”

ஆக, நொண்டிக்கொண்டே திரும்பவும் ஆற்றுக்குப் போனோம், காவலரும் கூடவே வந்தார். கூழாங்கல் திட்டு அக்கரையில் இருக்கிறது, நடுவில் கால் வைத்துத் தாண்டக் கற்களைப் போட்டிருக்கிறார்கள். உங்கள் தம்பி கால்சட்டையை விட்டால் மானம் போகும், நானோ ஏற்கெனவே சேற்றில் விழுந்து எழுந்தவள். “நான் போடறேன்” என்று பொடிசு கவுனை மடித்து ஏந்தினாள். “முழங்கால் தண்ணிதாம்மா” என்றார் காவலர். அவள் ஒவ்வொரு கல்லாகத் தாண்டிப் போனாள். நட்டநடுவில் நின்று திரும்பிப் பார்த்தாள். தண்ணீரை இல்லை, அண்ணி, என் முகத்தைப் பார்த்தாள். நான் பையின் வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என்ன லட்சணத்தில் சிரித்தேனோ, பல்வலியா என்று உங்கள் தம்பி பிறகு கேட்டார். ஆனால் அவளுக்கு அது போதுமாக இருந்தது. அக்கரைக்குப் போனாள், கல்லையெல்லாம் கொட்டினாள், கையைத் தட்டிக்கொண்டு அதே வழியில் வந்தாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, மூச்சாலும் சொல்லவில்லை. உங்கள் தம்பி அடிக்குரலில், “இதுக்குக் கல் கிடையாது” என்றார்.

ஆகவே ஆதாரம் ஆற்றோடு போய்விட்டது, என் வார்த்தையைத்தான் நீங்கள் நம்ப வேண்டும். நான் அவளை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் தூங்கி விழுந்தவளை அவர் தூக்கினார், அவர் தூக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லையே. பொடிசை முகாமுக்குக் கூட்டிப் போங்கள். நான் போன் பண்ணமாட்டேன், வரமாட்டேன், எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன். இது உறுதி. அண்ணனுக்கு என் வணக்கம், உங்கள் முகாம் பிள்ளைகளுக்கு என் அன்பும் ஆசியும்.

என்றும் உங்கள் மீது மதிப்புள்ள,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: முகாம் மைதானத்துக்கு எதிரே மாடியறை ஏதாவது வாடகைக்குக் கிடைக்குமா? ஜன்னல் மைதானத்துப் பக்கம் இருக்க வேண்டும், திரைச்சீலை நானே கொண்டுவந்துவிடுகிறேன். முகாம் முடியும் வரை அறையை விட்டு வெளியே வரமாட்டேன், சத்தியம். பொடிசுக்குத் தெரியவே கூடாது. உங்கள் தம்பி கேட்டால், உங்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, ஒத்தாசைக்குக் கூப்பிட்டீர்கள் என்று சொல்லப் போகிறேன், நீங்களும் கொஞ்சம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.