நூற்றுப் பதினெட்டில் இழுத்த திரை

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துக்கொண்டிருந்த சினிமாவின் மேல் துண்டைப் போட்டு மூடிய ஆள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? இனிமேல் தெரியும். நான்தான். ஜன்னலோரம் அவர், நடுவில் என் ஐந்து வயதுப் பேத்தி, இந்தப் பக்கம் நான். அவர் மடியில் இருந்த சின்னத் திரையில் கத்தியும் ரத்தமுமாக ஓடிக்கொண்டிருந்தது. திரை அவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் எங்கள் வீட்டுடையவை. என் கை என்னைக் கேட்காமலேயே தோளுக்குப் போய்த் துண்டை எடுத்துவிட்டது.

முப்பது வருஷத்துக்கு மேல் பழகிய கை அது. பழகிய கதையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு அதில் இன்றைக்கும் பெருமைதான்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். ஒவ்வொரு மிஷினிலும் ஒரு மீட்டர் இருக்கும். எவ்வளவு நூல் ஓடியது என்று அது காட்டும். ஷிப்டு முடிந்ததும் பார்த்து எழுதுவது என் வேலை. மனிதன் பொய் சொல்வான், மீட்டர் சொல்லாது என்பதுதான் அப்போது என் மதம். (நெற்றியில் பூசிய விபூதியெல்லாம் அம்மாவுக்காக.)

அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மகனுக்குத் திருச்செந்தூரில் மொட்டை, காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால், அன்றைக்கு முருகனுக்கு அடுத்த முக்கியஸ்தன் நான். போதாததற்கு, அத்தானின் தங்கை செல்வியை எனக்குக் கேட்டிருந்தார்கள். பெண் கொடுத்த வீட்டிலேயே பெண் எடுப்பதில் இரண்டு பக்கமும் சம்மதம், ஒருவரைத் தவிர. அவர்தான் பெண்ணைப் பெற்றவர். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே ஏட்டய்யா என்றுதான் கூப்பிடும்.

"பையன் எப்படின்னு ஒரு நா முழுக்கக் கூட இருந்தாத்தான் தெரியும். திருச்செந்தூர் போய்ட்டு வந்து சொல்லுதேன்" என்று தீர்ப்பைத் தள்ளி வைத்திருந்தார்.

எல்லாரும் போக நான் வாடகைக்கு பஸ் பிடித்தேன். சும்மா பஸ் இல்லை, வீடியோ பஸ். டிரைவருக்குப் பின்னால் உச்சியில் ஒரு டி.வி., அதற்குக் கீழே கேசட் போட்டு ஓட்டும் டெக். அப்போது எங்கள் பக்கத்தில் அது ரதத்துக்குச் சமம். சேதி சொல்ல ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஏட்டய்யா கேட்டுவிட்டுக் கூடத்து டி.வி. பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"சின்னஞ்சிறுசு பதினெட்டு வருது தம்பி. எங்க வீட்டு டி.வி. பொட்டிக்குக் கதவு இருக்கு. அசிங்கம் வந்தா சாத்திப்புடுவேன். பஸ்ல என்ன செய்வீய?"

"அத எங்கிட்ட விடுங்க மாமா."

"விடுதேன். ஆனா ஒண்ணு. பிள்ளைக பாக்கக்கூடாதது ஒண்ணு ஓடுச்சுன்னாலும், அந்த எடத்துலயே பஸ்ஸ நிறுத்தி எறங்கிருவேன். எம் பொண்ணும் எறங்கிருவா." இறங்குவது பஸ்ஸிலிருந்து மட்டும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

வேறு யாராவதாக இருந்தால் பக்திப் படக் கேசட்டை வாங்கிக்கொண்டு போயிருப்பான். நான் அப்படிச் செய்வேனா? கடைக்காரர் 'நல்ல குடும்பப் படம்' என்று தந்ததை வாங்கி, நண்பன் வீட்டு டெக்கில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டுப் பார்த்தேன். டெக்கிலும் ஒரு மீட்டர் இருந்தது. படம் ஓட ஓட எண் ஏறும். அதைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம் எனக்கு. மில் நோட்டில் கோடு போட்டு எழுதினேன். நூற்றுப் பதினெட்டு முதல் நூற்று முப்பத்தொன்று வரை: மழைப் பாட்டு. காரணம்: கதாநாயகி தேவைக்கு மேல் நனைகிறார். இருநூற்று அறுபத்தாறு: கிளப் டான்ஸ். காரணம்: சொல்லும்படி இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு: முதலிரவு. கிளப் டான்ஸை மட்டும் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். (எண் துல்லியமாக வேண்டாமா?)

அதோடு விடவில்லை. வரப்போகும் பதினெட்டுப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி, எதற்கு எது பயம் என்று அக்காவிடம் கேட்டுக் குறித்தேன். அக்காவின் மூத்த மகள் மீனாவுக்கு நெருப்பைக் கண்டால் ஆகாது. வீடு தீப்பிடிக்கும் காட்சி தொண்ணூற்றைந்தில் வருகிறது. தொண்ணூற்று நாலில் அவளைத் தூக்கி முகத்தைத் திருப்பிவிட வேண்டும். கடைசியாக மில் தையல்காரரிடம் சொல்லி, டி.வி.யை மூடக் காடாத் துணியில் ஒரு திரை தைத்து, வளையம் கோத்து, இழுக்கக் கயிறும் கட்டிக்கொண்டேன். இந்த உலகத்தில் அதுவரை யாரும் செய்யாத ஏற்பாடு என்று நினைத்தேன். அதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை.

காலை ஆறு மணிக்கு ராஜபாளையத்தில் எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு, திருச்செந்தூருக்கு நேர் எதிர்த் திசையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், சம்பந்திகளை வீட்டு வாசலில் ஏற்றி, வந்த வழியே திரும்பி மறுபடியும் ராஜபாளையத்துக்குள் வந்தோம். சம்பந்தி மரியாதை என்றால் அப்படித்தான். ஏட்டய்யா முதல் இருக்கையில், என் கயிற்றுக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்தார். செல்வி கடைசி இருக்கையில் பிள்ளைகளோடு. நான் டி.வி.க்குப் பக்கத்தில், முகத்தைப் பயணிகள் பக்கம் வைத்து, ஒரு கையில் நோட்டும் ஒரு கையில் கயிறுமாக நின்றேன். டெக்கின் மீட்டர் என் முழங்கைக்குக் கீழே ஓடியது.

"யாரும் கவலைப்பட வேண்டாம். எல்லாம் கணக்குப் போட்டு வச்சிருக்கேன்" என்று அறிவித்தேன். அம்மா எல்லாரையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

தொண்ணூற்று நாலு வந்ததும், முன்கூட்டியே பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தியிருந்த மீனாவைத் தூக்கினேன். திரையில் ஒருவர் சாணியில் வழுக்கி விழ, பஸ்ஸே சிரித்தது. சிரிப்பைப் பார்க்க முடியாத கோபத்தில் மீனா என் தோளைக் கடித்தாள். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். சரி, எண்ணை எழுதும்போது கை தவறியிருக்கும் என்று என்னைத்தான் சந்தேகப்பட்டேனே தவிர, மீட்டரைச் சந்தேகப்படவில்லை.

நூற்றுப் பதினெட்டு வந்தது. கயிற்றை இழுத்தேன். திரை அழகாக மூடியது. பின்னால் பேண்டு வாத்தியம் கேட்டது. மழைப் பாட்டுக்கு எதற்கு பேண்டு என்று நான் திகைப்பதற்குள், "அட்டென்ஷன்" என்று ஒரு கம்பீரமான குரல் வந்தது. முதல் இருக்கையில் ஏட்டய்யாவின் இரண்டு கால்களும் தாமாகச் சேர்ந்தன. கதாநாயகனின் அப்பா நேர்மையான போலீஸ் அதிகாரி. அவருக்கு மைதானத்தில் பதக்கம் குத்தும் காட்சி அது. அதைத்தான் மூடியிருந்தேன்.

"என்ன தம்பி, போலீசு வந்தா பிள்ளைக பாக்கக்கூடாதோ?" என்றார் ஏட்டய்யா. குரல் உயரவே இல்லை.

"இல்ல மாமா... நூத்தி முப்பத்தொண்ணுல தெறந்துருவேன்."

திறந்தேன். சொன்ன எண்ணில் சொன்னபடி திறந்தவன் என்ற நிமிர்வோடு, "இனி இருநூத்தி அறுவத்தாறு வரைக்கும் எல்லாரும் தைரியமாப் பாக்கலாம்" என்றேன். சொல்லிவிட்டுத்தான் எதிரே இருந்த முகங்களைக் கவனித்தேன். அம்மா முந்தானையால் வாயை மூடியிருந்தாள். என் பெரியப்பா இருக்கை நுனிக்கு வந்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் இடி இடிக்கும் சத்தம், அதற்குப் பிறகு சலங்கை. என் கயிறு வளையத்தில் சிக்கிக்கொண்டது.

அப்போது கடைசி இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏ பிள்ளைகளா, சன்னல் பக்கம் பாருங்க. மயில் நிக்கி."

பதினெட்டுத் தலைகளும் திரும்பின. "எங்க அத்த? மயில் எங்க?" செல்வி, அந்தா அந்த மரத்துக்குப் பின்னால, இந்தா இந்த வேலிக்குப் பின்னால என்று படத்தில் மழை விடும்வரை மயிலை ஓட்டிக்கொண்டே வந்தாள். பாட்டு முடிந்த நொடியில், "சரி, பறந்துபோச்சு. இங்கிட்டுப் பாருங்க" என்றாள். மயில் என்று ஒன்று அன்றைக்கு அந்த ரோட்டிலேயே கிடையாது.

ஏட்டய்யா இறங்குகிறேன் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. நான் சிக்கை எடுத்துவிட்டு மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு டெக்கும் அதனதன் வேகத்துக்கு எண் ஓட்டும், நண்பன் வீட்டு நூற்றுப் பதினெட்டு வேறு, பஸ் நூற்றுப் பதினெட்டு வேறு என்பது எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் மில்லில் நாற்பது மிஷினும் ஒரே கம்பெனி.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் இருந்த பூவை மெல்லத் தொட்டாள். ஏனென்று தெரியாமலே இழுத்தேன். திரை மூடியதும் கிளப் டான்ஸின் டிரம் கேட்டது. மறுபடி பூவைத் தொட்டாள், திறந்தேன். வில்லன் தனியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒரு பிசகும் இல்லை. சங்கரன்கோவில் வருவதற்குள் நான் பழையபடி மார்பை நிமிர்த்திவிட்டேன். (பாதிப் பெருமை என் திரைக்கு, பாதி அவள் பூவுக்கு என்று பங்கு வைத்ததாக ஞாபகம். உண்மையில் முக்கால் பங்கை நானே வைத்துக்கொண்டேன்.)

சங்கரன்கோவிலில் டீக்கு நிறுத்தினோம். ஏட்டய்யா கிளாஸை வாங்கிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் கடை ஓரமாகக் கூப்பிட்டார். எங்கள் குடும்பம் முழுக்க டீ குடிப்பதுபோல் நின்றது.

"செல்வி. நான் திரும்பித் திரும்பிப் பாத்துட்டுத்தான் வாரேன். நீ பூவத் தொட்டா இவரு திரைய இழுக்காரு. கெட்டது வாரதுக்கு முன்னாலயே தொடுத. வரப்போறது ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தலைகுனிந்தாள். சினிமா தியேட்டர் வாசலை மிதிக்கக்கூடாது என்பது அவர்கள் வீட்டுச் சட்டம் என்பது எனக்குத் தெரியும். ஒரு பெண் எனக்காக மாட்டிக்கொண்டு நிற்கிறாள்; நான் சும்மா இருப்பேனா? வீரம் பொங்கியது.

"மாமா, அது... நாந்தான் என் நோட்டப் பாத்து ஒரு தாள்ல எழுதிக் குடுத்தேன்."

ஏட்டய்யா டீயைக் கீழே வைத்தார். "எம் பொண்ணுக்குத் தாளு குடுத்தீயளா? எப்பக் குடுத்தீய? எத்தன தாளு?"

நான் காப்பாற்ற நினைத்தது ஒரு சினிமாக் குற்றத்திலிருந்து. மாட்டிவிட்டது காதல் கடிதக் குற்றத்தில். பின்னால் அம்மா, "ஏலே, பாவி" என்று சொன்னது கேட்டது. 

"அப்பா, அவிய எனக்கு ஒண்ணும் குடுக்கல" என்றாள் செல்வி. நிமிர்ந்துதான் சொன்னாள். "நான் இந்தப் படத்தப் பாத்திருக்கேன். டைப்ரைட்டிங் கிளாசுப் பிள்ளைகளோட, மேட்னி. ரெண்டு தடவ. தப்பு எம்மேலதான். அவிய பொய் சொன்னது என்னியக் காப்பாத்தத்தான்."

ஏட்டய்யா என்னிடம் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒரு வரி விடவில்லை. கிளப் டான்ஸ் பக்கத்தில் மூன்று தடவை அடித்துத் திருத்திய எண்ணைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளின் பட்டியலுக்கு வந்தார். அங்கே வெகுநேரம் நின்றார்.

"மீனா, நெருப்பு பயம், முன்னாடியே தூக்கிக்கணும். இது நீங்க எழுதுனதா?"

"ஆமா மாமா."

"அதான் சிரிப்பு வாரப்ப அவளத் தூக்கிட்டு நின்னீயளாக்கும்."

"மீட்டர் ஏமாத்திருச்சு மாமா."

அவர் நோட்டை மூடினார். "இருவத்தெட்டு வருசம் ஸ்டேஷன்ல எழுதியிருக்கேன். இம்புட்டுச் சுத்தமா ஒருத்தனும் எழுதிப் பாத்ததில்ல. இம்புட்டுச் சுத்தமா ஒருத்தனும் கோட்ட விட்டும் பாத்ததில்ல." மகள் பக்கம் திரும்பினார். "நீ இனிமே சொல்லிட்டுப் போ. மறச்சிட்டுப் போகாத."

எல்லாரும் பஸ்ஸில் ஏறினோம். ஏட்டய்யா தன் முதல் இருக்கையில் உட்காரவில்லை. "ஏட்டி செல்வி, முன்னால வந்து ஒக்காரு. நீ சொல்லு, அவரு இழுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கடைசி இருக்கைக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

பஸ் கிளம்பியது. பிறகு என் அம்மா, பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்களுக்கு நிச்சயதார்த்தம் என்று பிற்பாடு தட்டு மாற்றியதெல்லாம் ஊருக்காக. நிச்சயமானது அந்த நொடியில், திருநெல்வேலி ரோட்டில். நானூற்றுப் பன்னிரண்டை, அதாவது முதலிரவை, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மூடினோம். எனக்கு வெட்கத்தில் கயிறு கைக்குப் பிடிபடவில்லை, அவள்தான் இழுத்தாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், ரயில் எத்தனை மணிக்கு, மழை வருமா, எதுவானாலும் சரி, பிள்ளைகள் ஒரே குரலில் கேட்பார்கள்: "மீட்டர் என்ன சொல்லுது?" நோட்டு இப்போதும் பீரோவில் இருக்கிறது. மாமா தம் கடைசிக் காலம்வரை வந்தவர்களிடம் அதை எடுத்துக் காட்டி, "எங்க மருமகன் எழுதுனது" என்பார். கதையின் முதல் பாதியைத்தான் சொல்வார். கோட்டை விட்ட பாதியை அவர் சொன்னதே இல்லை.

விமானத்துக்கு வருகிறேன். துண்டு விழுந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் பேத்தியைக் காட்டினேன். மனிதர் நல்லவர், "சாரி சார், கவனிக்கலை" என்று திரையைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். வெற்றியோடு துண்டை எடுத்துத் தோளில் போட்டேன்.

வழிக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருந்த செல்வி, மூடியபடியே சொன்னாள்.

"அந்தக் கத்திக் குத்து அப்பவே முடிஞ்சுபோச்சு. நீங்க மூடுனது அவிய அம்மாவும் மகனும் சேருத எடம். நான் போன வாரமே பாத்துட்டேன். அடுத்தது வாரப்ப சொல்லுதேன், பேசாம இருங்க."

நான் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் பூவைத் தொடுவதற்காகக் காத்திருந்தேன்.