எட்டு வருஷத்துக்கு ஒரு கையெழுத்து

"ரெண்டு வருஷமா? எட்டு தர்றேங்கறேன், ரெண்டு போதுங்கறானா?"

லோர்ன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். கனடாவின் சஸ்கட்டூன் நகர ஐஸ் ஹாக்கி அணிக்கு அவர் மேனேஜர். நீண்ட ஒப்பந்தத்தை வேண்டாமென்ற ஆட்டக்காரனை இதுவரை கண்டதில்லை.

"நான் வெறும் ஏஜென்ட் சார்," என்றார் மார்வின். "காரணம் கேட்டா பையன் வாயே திறக்க மாட்டேங்கறான்."

பையன் பெயர் கீகன். தடுப்பாட்டக்காரன். இருபது வயதிலேயே, அவனைத் தாண்டி கோல் போடுவதற்குள் எதிரணிக்கு நாக்குத் தள்ளிவிடும். குடியிருப்பது லோர்ன் வீட்டு பேஸ்மென்ட்டில். புதிதாக வரும் பையன்களை ஏதாவதொரு குடும்பம் வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுவது இந்த ஆட்டத்தில் வழக்கம்.

கீழே அவன் அடித்துப் பழகும் ரப்பர் வட்டு பட்டுப் பட்டு, துணி உலர்த்தும் மெஷின் சொட்டை சொட்டையாகிவிட்டது. வான்கூவருக்குப் போன மகன் போன்கூடப் பண்ணாத அந்த வீட்டில், அந்த டமால் டமால்தான் லோர்னுக்கு ஒரே ஆறுதல். அதை ஒப்புக்கொண்டால் மேனேஜர் கெத்து என்னாவது? "சத்தம் தாங்கலைடா!" என்று தினமும் மாடிப்படியில் நின்று கத்துவார்.

"ஊர் பிடிக்கலை போல," என்று லோர்ன் தன் மனைவி டார்லீனிடம் சொன்னார். "இந்தக் குளிர்ல யாருக்குப் பிடிக்கும்?"

"அப்போ நல்ல இடமாக் காட்டுங்க."

கீகனை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார். ஆறு உறைந்து கிடந்தது.

"பாரு தம்பி, எட்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டவங்க எல்லாம் இந்த வரிசையிலதான் வீடு வாங்கியிருக்காங்க. உனக்கும் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்."

"எப்ப இங்க குடி வரணும் சார்?"

"கையெழுத்துப் போட்ட மறுநாளே வந்துடலாம்!"

மறுநாள் மார்வின் கூப்பிட்டார். "ரெண்டுகூட வேண்டாமாம். ஒரு வருஷம் போதுமாம்."

டார்லீன் தன் பங்குக்கு ஒரு செட் பாத்திரம் வாங்கிக் கொடுத்தாள். "புது வீட்ல ஆசையா சமைச்சுச் சாப்பிடுப்பா." அன்று இரவு அவள் செய்த பெரோகி கொழுக்கட்டை சாப்பிட கீகன் மேலே வரவில்லை. கீழே சத்தமும் நின்றுபோனது. லோர்ன் மாடிப்படி வரை போய், கத்த ஒன்றுமில்லாமல் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை அணியின் முதலாளி கூப்பிட்டார். "அடுத்த வருஷம் கைகழுவிட்டுப் போறவனை ஏன்யா வெச்சிருக்கே? மத்த டீமோட ஆளை மாத்திக்க இன்னிக்குத்தான் கடைசி நாள். எட்டுக்கு மடக்கு, இல்லைன்னா வேற டீமுக்குத் தள்ளு. ரெண்டும் முடியலைன்னா நீ கிளம்பு."

லோர்ன் படியிறங்கினார். கீகன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பாத்திரங்கள் பிரிக்காமல் மூலையில் கிடந்தன.

"எட்டு வருஷம். கடைசியாக் கேக்கறேன்."

"வேண்டாம் சார்."

"இங்க என்னடா குறை உனக்கு?"

"ஒரு குறையும் இல்ல சார்." சொட்டை விழுந்த மெஷினையே பார்த்தபடி சொன்னான்.

வீம்பு என்று நினைத்தார் லோர்ன். தன் மகனிடமும் இதே வீம்பைத்தான் பார்த்திருந்தார். மேலே வந்து ஃப்ளோரிடா அணிக்கு போன் போட்டார். அங்கே உடனே கொத்திக்கொண்டார்கள்.

சாயங்காலம் கீகன் டார்லீனைக் கட்டிப்பிடித்து, "நல்லா இருங்க ஆன்ட்டி," என்று சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறினான்.  டார்லீன் கீழே போய் அந்த மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க அமைதி. லோர்னுக்கு அழுகை வந்தது.

போன் அடித்தது. விமான நிலையத்திலிருந்து மார்வின்.

"இப்பத்தான் சார் வாயைத் திறந்தான். எட்டு வருஷத்துக்குப் போட்டா வீடு வாங்கிட்டுப் போயிடணும், ஒவ்வொரு வருஷமாப் போட்டா கடைசி வரைக்கும் உங்க பேஸ்மென்ட்லயே இருந்துக்கலாம்னு பார்த்தானாம்."