கனி கிராணி மடித்த ஜப்பான் சோறு

முகம்மது கனிக்கு அன்றைக்கு வாயில் சனி. இல்லாவிட்டால், பினாங்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிற மனுஷன் ஜப்பான் சமையலில் போய்த் தலையைக் கொடுப்பானா?

மூன்று வாரமாக வீட்டில் ஒரே வழக்கு. அக்கரையில், சுங்கை பாக்காப்பில் தன் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, பத்து நாள் போய் இருந்துவிட்டு வரவேண்டும் என்று மனைவி சலேஹா கேட்டுக்கொண்டே இருந்தாள். கனி அசையவில்லை.

"நீ போயிட்டா எனக்கு யாரு ஆக்கிப் போடுவா? சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாத ஆளு நானு. கடைச்சோறும் வயித்துக்கு ஆகாது."

இந்த ஒரு சாக்கை வைத்துக்கொண்டு ராஜாவாட்டம் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தவன், அந்த ஞாயிற்றுக்கிழமையும் வாயை மூடிக்கொண்டு தின்றிருக்கலாம்.

"தினமும் இதே சோறு, இதே முட்டை! சிந்த்ரா ரோட்டுப் போட்டோக்கடை ஜப்பான்காரரு எனக்கு ஒண்ணு செஞ்சு போட்டாரு பாரு! தக்காளிச் சாஸ் ஊத்திப் பிரட்டின சோத்தை முட்டைக்குள்ள வச்சு, தலகாணி மாதிரி மடிச்சு... ஓமுரைசுன்னு பேரு."

"அதெல்லாம் நம்மால ஆகுமாங்க?" என்றாள் சலேஹா, ரொம்பப் பணிவாக.

"ஏன் ஆகாது? கண்ணை மூடிக்கிட்டுச் செய்வேன் லா!"

"விடுங்க. ஆம்பளைங்க கைக்கு வராது."

போதாதா? கனி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் புகுந்தான்.

சோற்றைச் சாஸில் பிரட்டினான். அதுவரை மோசமில்லை. ஆனால் பினாங்குக்காரன் நாக்கு இருக்கிறதே, வறண்ட சோற்றைப் பார்த்தால் அதற்குப் பொறுக்காது! மீன் குழம்பில் ஒரு கரண்டி, கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, சும்மா வாசத்துக்கு என்று இன்னும் ரெண்டு கரண்டி. சோறு மிதந்தது. அதை அப்படியே முட்டைமேல் கொட்டி மடித்தான். முட்டை வயிறு வெடித்து, குழம்பு வழிந்து, அடுப்பையே அணைத்துவிட்டது. மிச்சத்தை வழித்துத் தட்டில் போட்டுவிட்டு வியர்த்து வழிய நின்றான்.

சலேஹா ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடினாள்.

"யா அல்லா! இம்புட்டு ருசியா!"

"நெசமாவா?"

"பொய்யா சொல்றேன்? ஏ ரொஸ்னா, ஓடி வா!"

பக்கத்து வீட்டு ரொஸ்னா ஓடிவந்தாள். ஒரு பருக்கையை நாக்கில் வைத்தாள், சலேஹாவின் முகத்தைப் பார்த்தாள், கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"கனி அண்ணே! இந்தக் கைப்பக்குவம் அக்காவுக்கே கிடையாது லா!"

கனிக்குத் தலைகால் புரியவில்லை. "இதென்ன பிரமாதம்! மீனாணம், கோழியாணம், எந்தக் குழம்பானாலும் சொடக்குப் போடறதுக்குள்ள செய்வேன்."

"யாரு ஒத்தாசையும் இல்லாமலா?" சலேஹா வாயைப் பிளந்தாள்.

"ஒருத்தர் ஒத்தாசையும் வேணாம்!"

"கேட்டுக்கிட்டியா ரொஸ்னா?"

"நல்லாக் கேட்டேங்க்கா."

சலேஹா உள்ளே போனாள். வரும்போது கையில் கட்டி முடித்த பெட்டி. வாசலில் ரிக்‌ஷா.

"அப்ப நான் சுங்கை பாக்காப்புக்குப் புறப்படுறேங்க. மூணு மணி ஃபெரிக் கப்பலைப் பிடிச்சா பொழுதோட போயிடலாம். நீங்க பட்டினி கெடப்பீங்களேன்னுதான் இத்தனை நாளும் தவிச்சேன்."

கனி வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் வயிறு போகும். ரொஸ்னா வேறு கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பாவி மனுஷன் மானத்தைக் காப்பாற்றினான்.

"போ... போயிட்டு வா."

"முட்டை நூறு வாங்கி வச்சிருக்கேன்."

"நூறா! நான் ஒருத்தன்தானே?"

சலேஹா முக்காட்டுக்குள்ளேயே சிரித்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டாள். பதிலை ரொஸ்னாதான் சொன்னாள்.

"நாங்களும் அம்மா வீடு பார்த்து ரொம்ப நாளாச்சுண்ணே. நாளையிலேருந்து இந்தத் தெரு ஆம்பளைங்க எல்லாரும் சமையல் படிக்க உங்ககிட்டதான் வர்றாங்க!"